மென்பொருள் வாங்கியாயிற்று, எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம்?



இந்த மாதப் பாடம் வியாபாரக் கணக்கைப் பற்றியது. சிலமலையிலும் போடியிலும் கடை, மண்டி, மருந்துக்கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இப்போது கம்ப்யூட்டரும் கணக்கு மென்பொருளும் போட்டுவிட்டார்கள். அவர்களிடமிருந்து நமக்கு இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. வாங்கியவர்கள், "இவ்வளவு செலவு செய்தோமே, லாபம் ஒன்றும் கூடியதாகத் தெரியவில்லையே" என்கிறார்கள். வாங்காதவர்கள், "வட்டியில்லாக் கடன் எடுத்தாவது அதைப் போட்டுவிடலாமா" என்று கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் நாம் சொல்ல வேண்டியது ஒரே விஷயம்தான். மென்பொருள் கடைக்கு வந்துவிட்டது என்பதால் பலன் வருவதில்லை. கடையின் எத்தனை வேலைகள் அதற்குள் நடக்கின்றன, எத்தனை பேர் அதைக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன் கூடும், குறையும்.

முதலில், நம் பகுதியில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேசையில் கம்ப்யூட்டர் இருக்கும். அதில் பில் அடிக்கிறார்கள். கடனுக்குச் சரக்கு எடுத்துப் போகிறவர் பெயர் மட்டும் பக்கத்தில் இருக்கும் நீள நோட்டில் ஏறும். கொள்முதல் பில்கள் கம்பியில் குத்தியபடி தொங்கி, மாதம் முடிந்ததும் ஒரு பையில் கட்டப்பட்டு ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும். கடையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது முதலாளி மனத்தில் இருக்கும். அதாவது கொள்முதல், இருப்பு, பாக்கி, வங்கி, வரி என்று ஐந்தாறு வேலைகளைச் செய்யக்கூடிய ஒன்றை வாங்கி, பில் அடிக்கும் மெஷினாக வைத்திருக்கிறோம். டேலி, ஜோஹோ, மருந்துக்கடைகளுக்கென்றே உள்ள மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் மென்பொருளை விரும்பிப் போடவில்லை. சட்டம் கேட்டது, போட்டோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. பிறகு இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. போடியின் ஏலக்காய் வியாபாரிகளில் கணிசமானவர்கள் அந்த வரம்புக்குள் வந்துவிட்டார்கள். கட்டாயத்துக்காகப் போட்ட ஒன்றைக் கட்டாயத்தின் அளவுக்கு மட்டுமே பயன்படுத்துவது மனித இயல்பு.

நம் ஊர்ப்பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடி. முன்பு ஏலக்காய் ஏலம் வாய்மொழியாக நடந்தது. மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்ப்பதும், விலையைக் கூவிக் கேட்பதும், அதை ஒருவர் எழுதிக்கொள்வதுமாக இருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 2007இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏல முறையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் ஒரு திரை. லாட் எண், மூட்டை, எடை எல்லாம் அதில் வரும். கேட்கும் விலையை அவர் அங்கேயே அழுத்துவார். யார் எவ்வளவு கேட்டார், எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்பது அத்தனையும் பதிவாகிவிடும். அன்றன்றைய சராசரி விலையும் அதிகபட்ச விலையும் வெளியில் தெரிகின்றன. சிலமலையில் உட்கார்ந்திருப்பவரும் வண்டன்மேட்டில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே விலையைப் பார்க்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். முதலில் போடியில் நடக்கும் ஏலத்துக்குப் போடியிலும், கேரளப் பக்கம் புற்றடியில் நடக்கும் ஏலத்துக்கு அங்கேயும் போய் உட்கார வேண்டியிருந்தது. மலைப்பாதை ஏறி இறங்க முடியாத நாளில் அந்த ஏலத்தை விட வேண்டியதுதான். 2020 ஊரடங்கில் ஏலம் நின்றதும், மாநில எல்லையைக் கடப்பது எவ்வளவு பெரிய சிக்கலானது என்பதும் யாருக்கும் மறந்திருக்காது. 2021இல் இரண்டு மையங்களையும் இணைத்து, எந்த மையத்தில் இருந்தபடியும் ஏலத்தில் கலந்துகொள்ளும் 'கிளவுட்' முறை தொடங்கப்பட்டது. ஏலத்தின் விதி மாறவில்லை, காய் மாறவில்லை, வியாபாரிகளும் பெரும்பாலும் அவர்களேதான். பயன்பாட்டின் எல்லைதான் விரிந்தது. ஒரு லாட்டுக்குக் கேட்கக்கூடியவர்கள் எண்ணிக்கை கூடினால் விற்கிற விவசாயிக்கு அது நல்லது. வாங்குகிறவருக்கும் பெட்ரோலும் நாளும் மிச்சம்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். காயின் நிறத்தையும் பருமனையும் திரை காட்டாது. மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் போட்டுப் பார்க்கும் கண் இன்றும் வேண்டும். ஏலத்தில் வாங்கிய சரக்கையே திரும்பவும் ஏலத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்று விவசாயிகள் வெகுகாலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். எந்த மூட்டை யார் பெயரில் வந்தது என்று கணினி எழுதிக்கொள்ளும்; கொண்டு வந்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, அவசரத்துக்குப் பச்சைக்காயாகவோ முன்பணம் வாங்கிக்கொண்டோ உள்ளூரிலேயே விற்றுவிடும் சிறு விவசாயிக்கு இந்த முறையில் கிடைப்பது விலைத் தகவல் மட்டும்தான். ஏல மையம் வரை தன் சரக்கைக் கொண்டு வருகிறவருக்கே அதன் முழுப் பலன். இங்கேயும் எந்த அளவுக்கு உள்ளே வருகிறோமோ அந்த அளவுக்குத்தான்.

அறிஞர்களும் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தேவராஜ், கோலி என்ற இரு பேராசிரியர்கள் எட்டு மருத்துவமனைகளின் மூன்றாண்டு விவரங்களை எடுத்துப் பார்த்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக்கு எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதைப் பார்ப்பதே அதுவரை பெரும்பாலும் வழக்கம். இவர்கள் உண்மையில் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதை அளந்தார்கள். மருத்துவமனையின் வருமானத்திலும் சிகிச்சைத் தரத்திலும் தெரிந்த முன்னேற்றத்துக்கும் அந்த உண்மைப் பயன்பாட்டுக்கும்தான் தொடர்பு தென்பட்டது.

அதைவிடப் பழைய பாடம் ஒன்று மின்சாரம் வந்த கதையில் இருக்கிறது. நியூயார்க்கில் எடிசன் மின் நிலையம் திறந்தது 1882இல். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதன் முழுப் பலன் தெரிந்ததோ 1920களில். நாற்பது வருடம் ஏன் பிடித்தது என்று பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் 1990இல் விளக்கினார். நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, மேலே ஓடிய அதே தண்டையும் பெல்ட்டுகளையும் வைத்தே பலர் ஓட்டினார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலை நடக்கும் வரிசைப்படி பட்டறையையே மாற்றி அமைத்த பிறகுதான் உற்பத்தி ஏறியது. பழைய மாவு மில்லில் பெல்ட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நீள நோட்டையும் கம்பியில் குத்திய பில்லையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைப்பது, பெல்ட்டை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றிய கதைதான்.

சரி, நம் கடைக்கு வருவோம். பில்லுக்கு அடுத்து எதை உள்ளே கொண்டு வருவது? நம் கருத்து, கொள்முதல். சரக்கு இறங்கிய அன்றே கொள்முதல் பில்லை ஏற்றிவிட வேண்டும். இதில் கைக்காசு சம்பந்தப்பட்டிருக்கிறது. நமக்குச் சரக்குக் கொடுத்தவர் தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றி, அது நம்முடைய 2பி அறிக்கையில் வந்தால்தான் நாம் கட்டிய வரியை வரவு எடுக்க முடியும் என்பது 2022 ஜனவரி 1 முதல் உள்ள விதி. மாதந்தோறும் 14ஆம் தேதி அந்த அறிக்கை வருகிறது. நம் கொள்முதல் முழுவதும் மென்பொருளில் இருந்தால், எந்த பில் வரவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்த்து அன்றே போன் போட்டுக் கேட்கலாம். பையில் கட்டி ஆடிட்டருக்கு அனுப்பினால், விட்டுப்போனது தெரிய வருவதற்குள் சரக்குக் கொடுத்தவரிடம் போய் நிற்கும் நேரம் கடந்திருக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரி வரவு கிடையாது என்பதால் இந்தப் பலனும் இல்லை. அவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

கொள்முதலும் விற்பனையும் இரண்டும் ஏறினால்தான் இருப்பு தானாக வரும். ஒன்று மட்டும் ஏறினால் திரையில் வரும் இருப்பு பொய்யாக இருக்கும். சிலர் நம்மிடம், "கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது" என்கிறார்கள். பாதி ஊட்டினால் அது பாதிதான் சொல்லும். இதனால்தான் அரைகுறைப் பயன்பாடு சில சமயம் பயன்படுத்தாமல் இருப்பதைவிட மோசம். நோட்டு ஒன்று சொல்லும், திரை வேறொன்று சொல்லும். எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவோம். மருந்துக்கடைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கொள்முதலிலேயே ஏறியிருந்தால், தேதி முடியப் போகும் மருந்தை முன்கூட்டியே எடுத்துத் திருப்பி அனுப்பலாம். பில் அடிக்க மட்டும் பயன்படுத்தும் மருந்துக்கடையில் அந்த நஷ்டம் அலமாரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஏலக்காய் வியாபாரிக்கு ரகவாரி இருப்பு. ஸ்டோரில் ரகம் பிரித்த பிறகு ஒவ்வொரு ரகமும் எத்தனை கிலோ என்று ஏறாவிட்டால், வாங்கிய விலையோடு விற்ற விலையை ஒப்பிட வழியே இல்லை. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போய்ப் பிறகு சரிந்த சரக்கு இது. எந்த விலையில் வாங்கிய காய் இன்னும் கையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் எப்படி முடிவு எடுப்பார்?

பிறகு பாக்கி. இதைத்தான் நம் மக்கள் மென்பொருளுக்குள் கொண்டு வரத் தயங்குகிறார்கள். "தெரிந்தவர்கள்தானே, எழுதி வைத்தால் போதாதா" என்பார்கள். எழுதி வைப்பதே நம் மார்க்கம் வலியுறுத்துவதுதான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடும் சாட்சியோடும் எழுதி வைப்பது பற்றியது. சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்பதும் அதில் அடங்கும். நோட்டிலும் அதைச் செய்யலாம், குறை சொல்லவில்லை. ஆனால் பில்வாரியாகப் பாக்கியை ஏற்றினால், யார் பணம் எத்தனை நாளாக நிற்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும் வேலையை நோட்டு செய்யாது. முப்பது நாளில் நயமாகக் கேட்டால் வந்திருக்கும் பணத்தை ஒரு வருடம் கழித்துக் கேட்கும்போதுதான் உறவும் கெடுகிறது.

பெரிய நிறுவனங்கள் இதில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், நமக்கு எச்சரிக்கையாக இருக்கும். அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனம் 1999இல் மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில், அதுவும் பண்டிகை வியாபாரத்துக்குச் சற்று முன்னால் ஓட்டத் தொடங்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. ஆகவே நோன்பு வரும் நேரத்திலோ தீபாவளிக்கு முந்தைய மாதத்திலோ, ஏலக்காய் அறுவடை மும்முரத்திலோ புதிதாக எதையும் மாற்றாதீர்கள். ஜெர்மனியின் லிடில் கடைத் தொடர், சரக்கு இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும் தன் பழைய வழக்கத்தை விட மறுத்தது. மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடும்படி அமைந்தது. வழக்கத்துக்கேற்ப மென்பொருளை வளைத்துக்கொண்டே போய், ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவுக்குப் பின் 2018இல் கைவிட்டதாகச் செய்திகள் வந்தன. வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள மனமில்லாதவர் எவ்வளவு செலவழித்தாலும் பலன் இல்லை. ஈ.ஆர்.பி. எனப்படும் முழு நிறுவன மென்பொருள் போட்ட அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்து 2002இல் எழுதியவர்கள், போட்டவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நன்றாகவே நடக்கிறார்கள் என்றும், பொருத்தி முடித்த சிறிது காலத்துக்கு ஒரு சரிவு வருவதற்கான அறிகுறி உண்டு என்றும் கண்டார்கள். இரண்டு மூன்று மாதம் வேலை கூடியது போலத் தோன்றுவதால் விட்டுவிட வேண்டாம்.

லிடில் கதையில் வரும் 'வாங்கிய விலையா, விற்கும் விலையா' என்ற கேள்வி நமக்கு வேறொரு விதத்தில் முக்கியமானது. ஜகாத். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடும்போது, வருடம் நிறைவடையும் நாளில் உள்ள சந்தை மதிப்பையே எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மென்பொருள் வழக்கமாகக் காட்டும் இருப்பு மதிப்பு வாங்கிய விலையிலானது. எனவே அதை அப்படியே எடுக்காமல், சரக்கின் அளவை எடுத்து அன்றைய விலையால் பெருக்க வேண்டும். ஒரு கடையை வைத்துக்கொள்வோம். அன்றைய மதிப்பில் சரக்கு 8 லட்சம், வர வேண்டிய நல்ல பாக்கி 3 லட்சம், கையிலும் வங்கியிலும் 1 லட்சம், சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 4 லட்சம். நிகரம் 8 லட்சம். இரண்டரை சதவீதம் 20,000 ரூபாய். இருப்பைக் குத்துமதிப்பாக 6 லட்சம் என்று எடுத்திருந்தால் 15,000. அந்த 5,000 ரூபாய் வேறொருவரின் உரிமை. அதை எதிர்பார்த்துப் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நம் டிரஸ்ட் வாசலுக்கு வருகிற தாய்மார்களை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். (தர வேண்டிய கடனைக் கழிப்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. மார்ச் 31 கணக்கை வைத்து ஜகாத் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கொள்முதலும் விற்பனையும் முழுமையாக ஏறியிருந்தால், ரமலான் முதல் நாளோ ரஜபோ, உங்கள் தேதி எதுவானாலும் அன்றைய இருப்பை மென்பொருள் கொடுக்கும்.

இன்னொரு விஷயத்தை நேரடியாகவே எழுதுகிறோம். கடை நடத்தும் அத்தா திடீரென்று வபாத்தாகிவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? அடக்கச் செலவு, அதன் பின் கடன், அதன் பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், மீதிதான் வாரிசுகளுக்கு. கடன் எவ்வளவு என்றே தெரியாவிட்டால் முதல் படியிலேயே நிற்க வேண்டியதுதான். நோட்டில் "மேலத்தெரு 12" என்று இருக்கும். அது யார், ரூபாயா ஆயிரமா என்பது போனவருக்கு மட்டுமே தெரியும். தர வேண்டியவர்கள் உடனே வந்து கேட்பார்கள், தர வேண்டியதில்லாதவரும் சிலர் கேட்பார்கள், நமக்குத் தர வேண்டியவர்களில் பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். கடையின் மதிப்பு தெரியாததால் மகள்களின் பங்கு பேச்சோடு நின்றுபோவதும் நடக்கிறது. கணக்கு முழுமையாக இருந்தால் இந்தச் சண்டைகளில் பாதி பள்ளிவாசல் ஜமாஅத் வரை வரவே வராது.

எனவே எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஆட்களும் சேர்த்தி. பல கடைகளில் பாஸ்வேர்டு ஒரே ஒரு பையனிடம் இருக்கிறது. அவனுக்குத் துபாய் விசா வந்ததும் கணக்கும் விமானம் ஏறிவிடுகிறது. முதலாளி வாரத்துக்கு ஒரு முறையாவது தானே திறந்து, பாக்கிப் பட்டியலையும் இருப்பையும் பார்க்க வேண்டும். வீட்டில் பி.காம். படித்த மகளோ மருமகளோ இருந்தால் அவர்கள் இரவில் அரை மணி நேரத்தில் கொள்முதலை ஏற்றிவிடுவார்கள். கடைக்கு வர வேண்டியதும் இல்லை. பாஸ்வேர்டும் காப்புப் பிரதியும் குடும்பத்தில் இன்னொருவரிடம் இருக்க வேண்டும்.

வட்டியில்லாக் கடன் கேட்பவர்களுக்கு: எட்டு பத்து பொருள் விற்கும் பெட்டிக்கடைக்கு இது தேவையில்லை, நல்ல நோட்டே போதும். நடுத்தரக் கடையானால், ஏற்கனவே இருப்பதில் கொள்முதலையும் பாக்கியையும் ஏற்றாமல் இன்னும் பெரியதாக ஒன்றை வாங்க நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். உரிமத்தின் விலையைவிட அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு ஆகும் செலவுக்கு உதவவே விரும்புகிறோம். மூன்று மாதம் கொள்முதல், விற்பனை, பாக்கி மூன்றையும் ஏற்றிய பிறகு, ஒரு நாள் கடையை மூடிச் சரக்கை எண்ணித் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எந்தப் பொருளில் அதிகம் என்று குறித்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது பழைய நீள நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதில் உள்ள பெயர்களை ஏற்றுவதிலிருந்துதான் வேலை ஆரம்பமாகும், இன்ஷா அல்லாஹ்.